விடையைச் சோதிக்கத் தெரிய வேண்டும்

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200 மதிப்பெண். அதில் 100 கணிதத்துக்கு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. நுழைவுத் தேர்வு 2007-இல் போனபிறகு, ஒரு மாணவருக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பதை இந்த மூன்று பாடங்கள்தான் முடிவு செய்கின்றன. இவ்வளவு எடை கொடுத்து உள்ளே அழைக்கப்படும் மாணவர் முதல் பருவத்திலேயே எம்-ஒன் எனப்படும் முதல் கணிதத் தாளைக் கண்டு அஞ்சுகிறார். அரியர் விழாமல் தேறினால் போதும் என்று படிக்கிறார், தேறிய மறுநாள் மறந்துவிடுகிறார். மூன்றாம் ஆண்டில் அதே கணிதம் கட்டமைப்புப் பகுப்பாய்விலோ சிக்னல் பாடத்திலோ திரும்ப வரும்போது ஆசிரியர் பழைய கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இதற்கு மாணவரின் அக்கறையின்மையைக் குறை சொல்வது சுலபம், பள்ளிக்கூடத்தைக் குறை சொல்வது அதைவிடச் சுலபம். ஆனால் கோளாறு கல்லூரியின் வினாத்தாளில் இருக்கிறது என்பதே என் வாதம். அடிப்படை அறிவியல், கணிதப் பாடங்களுக்குக் காகிதத்தில் ஒரு குறிக்கோளை எழுதிவைத்துவிட்டு, தேர்வில் வேறொன்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

காகிதத்தில் குறைவே இல்லை. 2014-இல் இந்தியா, பொறியியல் பட்டங்களின் பரஸ்பர அங்கீகாரத்துக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பு நாடானது. பொறியியல் பட்டதாரிக்கு இருக்க வேண்டிய திறன்கள் என்று அந்த உடன்படிக்கையை ஒட்டித் தேசிய அங்கீகார வாரியம் வகுத்த பட்டியலில் முதலிடம் கணித, அறிவியல் அறிவைச் சிக்கலான பொறியியல் பிரச்சினைகளில் பயன்படுத்துவதற்குத்தான். இரண்டாவது இடம், பிரச்சினையை அடிப்படைக் கோட்பாடுகளிலிருந்து ஆராய்ந்து ஆதாரமுள்ள முடிவுக்கு வருவதற்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கைந்து ‘கோர்ஸ் அவுட்கம்’ எழுதி, அவற்றை இந்தப் பட்டியலோடு பொருத்தி, 1, 2, 3 என்று எண் போட்டு, கட்டம் கட்டி, ஆசிரியர்கள் கோப்புகளை நிரப்புகிறார்கள். பல கல்லூரிகளில் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் அது எந்த அறிவுநிலையைச் சோதிக்கிறது என்ற குறியீடும் அச்சாகிறது. அங்கீகாரக் குழு வரும்போது அந்தக் கோப்புகள் மேசையில் அடுக்கப்படுகின்றன. மாணவர் அவற்றை ஒருநாளும் பார்ப்பதில்லை. அவர் கையில் இருப்பது கடந்த ஐந்தாறு ஆண்டு வினாத்தாள்களும், எந்த யூனிட்டைச் சாய்ஸில் விடலாம் என்ற கணக்கும்தான். அவருக்கு அதுவே பாடத்திட்டம். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர் படிக்கிறார். அதில் பிழையும் இல்லை.

தேர்வு எதைக் கேட்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டே போய்ப் பார்ப்போம். மூன்றுக்கு மூன்று அணி ஒன்றைக் கொடுத்து அதன் ஐகன் மதிப்புகளையும் ஐகன் வெக்டர்களையும் காணச் சொல்வது, அல்லது கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்க்கச் சொல்வது, எந்த மாணவரும் எதிர்பார்த்துக்கொண்டு போகும் 16 மதிப்பெண் கேள்வி. வழிமுறை தெரிந்தால் ஐந்து பக்கம் எழுதி மதிப்பெண்ணை வாங்கிவிடலாம். அந்த அணி எங்கிருந்து வந்தது, கிடைத்த மூன்று எண்கள் எதைச் சொல்கின்றன என்ற கேள்விகள் வினாத்தாளில் வருவதில்லை. இப்போது முதல் வரிசையில் 2, −1, 0. இரண்டாவதில் −1, 2, −1. மூன்றாவதில் 0, −1, 1 என்று ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தளங்களும் ஒரே எடை, எல்லாத் தளத் தூண்களும் ஒரே விறைப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்று தளக் கட்டடம் ஒன்று பக்கவாட்டில் ஆடுவதை விவரிக்கும் அணி இதுதான். இதன் ஐகன் மதிப்புகள் ஏறக்குறைய 0.198, 1.555, 3.247. அவற்றின் வர்க்கமூலங்கள் அந்தக் கட்டடத்தின் இயல் அதிர்வெண்களுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஐகன் வெக்டர்கள் அது ஆடும் வடிவத்தைச் சொல்லும். முதல் வடிவத்தில் கூரை நகரும் தூரத்தில் ஏறத்தாழ 45 சதவீதம் தரைத்தளத் தூண்களின் வளைவிலிருந்து வருகிறது. மீதி மேலே உள்ள இரண்டு தளங்களுக்கும் பகிர்ந்துபோகிறது.

அடுத்து, கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவர் எழுப்பாமல் வெறும் தூண்களில் அந்தக் கட்டடத்தை நிறுத்துகிறோம், தரைத்தளத்தின் விறைப்பு கால்பங்காகிறது என்று வையுங்கள். அணியில் மாறுவது ஒரே ஓர் எண்: முதல் 2 இப்போது 1.25. மறுபடி கணக்கிட்டால் முதல் அதிர்வெண் ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. அதைவிட முக்கியமானது வெக்டர் சொல்லும் செய்தி. கூரை நகரும் தூரத்தில் சுமார் 79 சதவீதம் இப்போது தரைத்தளத் தூண்களின் தலையில் விழுகிறது. மேல்தளங்கள் இரண்டும் ஒரே கட்டியாக நகர, கீழே உள்ள தூண்கள் மட்டும் வளைந்து கொடுக்கின்றன. 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில், மையப்பகுதியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. அவற்றில் பல, தரைத்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்டவை. சென்னையின் எந்தத் தெருவில் நடந்தாலும் இதேபோன்ற ஸ்டில்ட் அடுக்ககங்களைப் பார்க்கலாம். 2002-இல் வந்த நிலநடுக்க விதித்தொகுப்பு சென்னையை மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. ஐகன் வெக்டர் என்பது முதலாண்டு மாணவர் தன் வீட்டுத் தூணைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியாக இருந்திருக்கலாம். நாம் அதைப் பூஜ்ஜியமும் மைனஸ் ஒன்றும் நிறைந்த ஒரு சடங்காக்கிவிட்டோம். கணக்கு அதேதான், தாளில் எழுதும் படிகளும் அதேதான். தொடக்கத்தில் ஒரு கேள்வியும் முடிவில் ஒரு கேள்வியும் மட்டும் விடுபட்டுப்போகின்றன.

அந்த இரண்டு கேள்விகள்தான் இந்தப் பாடங்களின் குறிக்கோளாக இருக்க வேண்டும் என்கிறேன். எதை விட்டுவிட்டு எதை வைத்துக்கொண்டு இந்தப் பொருளைக் கணக்காக மாற்றினேன் என்பது முதல் கேள்வி. வந்த விடையை நம்பலாமா என்பது இரண்டாவது. நடுவில் உள்ள வழிமுறை தேவைதான், ஆனால் அது கருவி மட்டுமே. நம் தேர்வு முறை அந்த நடுப்பகுதிக்கே ஏறக்குறைய எல்லா மதிப்பெண்ணையும் கொடுக்கிறது.

ஆய்வகத்திலும் இதே கதைதான். முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் மீட்டர் அளவுகோல் ஒன்றை இரு கத்திமுனைகளில் வைத்து, நடுவில் எடை தொங்கவிட்டு, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து யங் குணகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தச் சூத்திரத்தில் அளவுகோலின் தடிமன் மும்மடிப் பெருக்கமாக வருகிறது. ஆகவே தடிமனில் 1 சதவீதப் பிழை விடையில் 3 சதவீதப் பிழையாகும். அளவுகோல் 6 மில்லிமீட்டர் தடிமன் என்றால், 0.1 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியரால் அளந்தாலே விடையில் 5 சதவீதம் ஐயத்துக்கு உரியது. 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும் திருகு அளவி அதற்காகவே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. எந்த அளவை உயிரைக் கொடுத்து அளக்க வேண்டும், எதில் கொஞ்சம் தளர்ந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே சொல்லத் தெரிவதுதான் அந்தச் சோதனையின் பாடம். நடப்பது என்ன? புத்தக மதிப்பு முன்பே தெரியும் என்பதால் அளவீடுகளைப் பின்னோக்கித் திருத்தி ரெக்கார்டு நோட்டில் ஏற்றுகிறார்கள். வேதியியலில் இடிடிஏ கொண்டு தண்ணீரின் கடினத்தன்மையைத் தரம் பார்க்கிறார்கள். விடை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீராதாரமே இல்லாதபோது 600 வரை. தான் கண்ட எண் இந்த எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது, இந்தத் தண்ணீரைக் கொதிகலனில் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதச் சொன்னால் சோதனைக்கு உயிர் வரும். அந்த ஒரு வரிக்கு மதிப்பெண் இல்லை.

வழிமுறை தெரிந்தால் புரிதல் தானாக வந்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. அப்படி வருவதில்லை என்பதற்கு முப்பது ஆண்டுக்கும் மேலான சான்று இருக்கிறது. கனமான லாரியும் சிறிய காரும் மோதும்போது எது எதன்மீது அதிக விசை செலுத்துகிறது என்பது போன்ற எளிய கேள்விகளைக் கொண்ட ஒரு சோதனைத் தாளை அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய சகாக்களும் 1992-இல் வெளியிட்டார்கள். கணக்கே போட வேண்டாம், சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு விசைகளும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களில் பலர் லாரியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர், தன் மாணவர்கள் கடினமான சுற்றுக் கணக்குகளைப் போட்டுவிட்டு, அதே சுற்றில் ஒரு பல்பு பிரகாசமாகுமா மங்குமா என்ற கேள்வியில் தடுமாறுவதைக் கண்டார். பிறகு விரிவுரையைக் குறைத்து, வகுப்பிலேயே மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் வாதிட்டு விடை காணும் முறைக்கு மாறினார். 1998-இல் ரிச்சர்டு ஹேக் 62 வகுப்புகளில் படித்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்துப் பார்த்தார். பாடம் தொடங்கும்போது தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கை முடிவில் கற்றுக்கொண்டார்கள் என்ற கணக்கில், வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி 23 சதவீதம், மாணவர்களைப் பேசவும் வாதிடவும் வைத்த வகுப்புகளின் சராசரி 48 சதவீதம். நம் கல்லூரிகளில் இதேபோலத் தொகுத்துப் பார்த்தால் நிலைமை இதைவிடச் சிறப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் ஏதும் தெரியவில்லை.

கணினி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது இன்று அதிகம் கேட்கும் எதிர்ப்பு. அணியைக் கொடுத்தால் ஒரு நொடியில் ஐகன் மதிப்பு வந்துவிழுகிறது, செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் படிப்படியாக எழுதியும் தருகிறது, வேலையோ பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களில் என்கிறார்கள். 2021-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, 14 பாடங்களில் ஏதேனும் மூன்றைப் பள்ளியில் படித்திருந்தால் பொறியியலில் சேரலாம் என்று கையேட்டில் போட்டபோதும் இந்த எண்ணத்தின் சாயல் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், மாநிலங்கள் இதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டியதில்லை என்று விளக்கம் வந்தது. இயந்திரம் செய்யக்கூடிய நடுப்பகுதியை மட்டுமே சோதிக்கும் வரை இந்த எதிர்ப்பு நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறேன். இயந்திரம் விடையைத் தருகிறது என்பதனாலேயே அந்த விடையைச் சோதிக்கும் திறனுக்கு விலை கூடுகிறது. 1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லைப்னர் என்ற எண்ணெய்த் தளத்தின் பிரமாண்டமான கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. அதை வடிவமைத்த கணினிப் பகுப்பாய்வு சுவர்களின் மீதான தகைவை 47 சதவீதம் குறைவாகக் காட்டியிருந்தது. விபத்துக்குப் பிறகு கவனமாகச் செய்த கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். மென்பொருள் காட்டிய எண் சிறியதாக இருக்கிறதே என்று, தோராயமாகவாவது ஒரு கைக்கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் எங்கோ விடுபட்டிருந்தது.

மென்பொருள்காரருக்கும் இது பொருந்தும். அதே 1991 பிப்ரவரியில் சவூதியின் தஹ்ரானில் ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தளம் எதிரி ஏவுகணையைத் தவறவிட்டது, 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அதன் கடிகாரம் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்காக நேரத்தை எண்ணியது. 0.1 என்ற எண்ணை இரும முறையில் முடிவான இலக்கங்களில் எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டியபோது ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் சுமார் 0.000000095 நொடி விட்டுப்போனது. 100 மணி நேரம் தொடர்ந்து ஓடிய கருவியில் 36 லட்சம் எண்ணிக்கை; பெருக்கிப் பாருங்கள், 0.34 நொடி. நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஏவுகணைக்கு அது அரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிழை. எண்ணியல் முறைகள் பாடத்தில் பிழைகளைப் பற்றிய பகுதி எப்போதும் அவசரமாக முடிக்கப்படும் பகுதி. ஐந்து வரிப் பெருக்கல் கணக்காக இதை வகுப்பில் போட்டுக்காட்ட அரைமணி நேரம் போதும்.

இரண்டாவது எதிர்ப்பு நெஞ்சில் கைவைத்துக் கேட்கப்படுவது, அதற்குத்தான் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 2021 முதல் நடப்பில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் மாணவருக்கு, வழிமுறைக் கேள்விதான் கைகொடுக்கிறது. உழைத்தால் தேறிவிடலாம் என்ற நம்பிக்கையை அது தருகிறது. புரிதலைச் சோதிக்கிறோம் என்று ஆங்கிலத்தில் பத்து வரிக் கேள்வி கொடுத்தால் அவரைத்தான் முதலில் வீழ்த்துவோம் என்கிறார்கள். இந்த அச்சத்தின் பாதி உண்மை. பத்து வரி ஆங்கிலம் கணித அறிவைச் சோதிக்காது, ஆங்கிலத்தைத்தான் சோதிக்கும். அதற்குத் தீர்வு, முதலாண்டுக் கேள்விகளைத் தமிழிலும் சேர்த்து அச்சிடுவது. அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் நடத்திப் பார்த்திருக்கிறது. முதலாண்டுப் பாடநூல்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கொண்டுவரும் வேலையும் 2021-க்குப் பின் நடந்திருக்கிறது. கலைச்சொல் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. ஆனால் அச்சத்தின் மறுபாதியை நான் ஏற்கவில்லை. தேறிவிடும் நம்பிக்கையை மட்டும் கொடுத்து, மூன்றாம் ஆண்டிலும் வேலைக்கான நேர்காணலிலும் அவரைக் கைவிடுவது கருணை ஆகாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த அணி எதற்கு என்று சொல்லித்தர அண்ணனோ, மாமாவோ, பணம் கட்டிய பயிற்சி வகுப்போ இருக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கல்லூரி வகுப்பறையை விட்டால் வேறு இடம் இல்லை. அங்கும் சொல்லவில்லை என்றால் அவர் எங்கே போவார்?

நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகளின் விடைத்தாள்களை ஒரே அளவுகோலில் திருத்த வேண்டும், புரிதலுக்கு ஒரே மாதிரி எப்படி மதிப்பெண் போடுவது என்று கேட்பவர்களும் உண்டு. இது நடைமுறைச் சிக்கல், நடைமுறையிலேயே விடையும் இருக்கிறது. மேலே சொன்ன கட்டட அணியைக் கொடுத்து, “இதன் ஐகன் மதிப்புகள் 0.5, 1.5, 3 என்று ஒரு மென்பொருள் தந்தது. ஏற்கலாமா? காரணம் கூறுக” என்று கேளுங்கள். மூலைவிட்டத்தைக் கூட்டினால் 5, தந்த மூன்று எண்களின் கூடுதலும் 5. இங்கே நின்றுவிடும் மாணவர் ஏற்கலாம் என்பார். அணிக்கோவையின் மதிப்பு 1, மூன்று எண்களின் பெருக்கலோ 2.25, அதுவரை போனவர் ஏற்க முடியாது என்பார். இரண்டு பண்புகளும் பாடத்திட்டத்தில் உள்ளவை, இன்றைக்கும் இரண்டு மதிப்பெண் கேள்விகளாக மனப்பாடம் செய்யப்படுபவை. இந்தக் கேள்விக்கு ஒரே விடைக்குறிப்புப் போதும், எந்த ஊரில் திருத்தினாலும் அதே மதிப்பெண்தான் வரும். தவறான விடையைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வது, ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள அளவுகோலுக்கு எந்தக் கருவி என்று கேட்பது, வந்த விடையின் அலகு சரியா என்று கேட்பது, எல்லாமே இந்த வகை. பழைய வினாத்தாளைப் புரட்டி இவற்றுக்கு விடை தேட முடியாது என்பது கூடுதல் நன்மை.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. முதலாண்டுக் கணிதத்தையும் இயற்பியலையும் நடத்துபவர்கள் ‘சயின்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்’ துறையினர். கட்டடத் துறையோ மின்னணுத் துறையோ அந்த அணியை எங்கே பயன்படுத்துகிறது என்று அவர்களிடம் யாரும் வந்து சொல்வதில்லை. அந்தத் துறையினரும் எம்-ஒன் வினாத்தாளை ஒருநாளும் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் ரைட் மாநிலப் பல்கலைக்கழகம் 2004-இல் இந்தச் சுவரை உடைத்தது. பொறியியலில் உண்மையில் பயன்படும் கணிதத்தை மட்டும் திரட்டி, பொறியியல் ஆசிரியர்களே ஆய்வகத்தோடு சேர்த்துக் கற்பிக்கும் முதலாண்டுப் பாடம் ஒன்றைத் தொடங்கியது. படிப்பைப் பாதியில் விட்டுப்போகும் மாணவர்களைத் தக்கவைக்க அது உதவியது. வேறு பல கல்லூரிகளும் அதைப் பின்பற்றின. அதை அப்படியே இங்கே நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணிதத்தைப் பொறியியலாரிடம் முழுதாக ஒப்படைத்தால் நிரூபணத்தின் ஒழுங்கு போய்விடும் என்ற கணித ஆசிரியர்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேள்விகளை இரு துறையினரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.

அதற்குப் பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிமுறைகள் 2013, 2017, 2021 என்று நான்கு ஆண்டுக்கொருமுறை மாறிவந்திருக்கின்றன, ஒவ்வொரு முறையும் யூனிட்டுகள் இடம் மாறின, 16 மதிப்பெண் கேள்வியின் முகம் மாறவில்லை. இருக்கும் பாடத்தை வைத்துக்கொண்டே, கணிதத் தாளின் ஐந்து 16 மதிப்பெண் கேள்விகளில் ஒன்றை மட்டும் இந்த வகைக்கு ஒதுக்கலாம், அதற்குச் சாய்ஸ் இல்லாமல். ஆய்வகத் தேர்வில் விடைக்கு இருக்கும் மதிப்பெண்ணில் பாதியை, அந்த விடை எவ்வளவு நம்பத்தக்கது என்று எழுதும் பத்திக்கு மாற்றலாம். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் வினாத்தாளைத் தாங்களே தயாரிக்கின்றன. அவை யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வரும் பருவத் தேர்விலேயே தொடங்கலாம். மாதிரிக் கேள்விகளைப் பருவத் தொடக்கத்திலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் மாணவர் கையில் கொடுத்துவிடலாம்.